சிப்பி எண்ணும் பிள்ளையும் என்.வி.கியூ. கோவையும்

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ ஒரு முன்பள்ளியில் ஐந்தாறு வருடமாக உதவி ஆசிரியையாக இருப்பவருக்கு மேற்படிப்பில் பாடம் அவ்வளவு கஷ்டம் தராது. கஷ்டம் எழுத்தில்தான். மதிப்பீட்டாளர் கேட்பதில் பாதியை அவர் தினமும் காலையில் செய்துகொண்டுதான் இருக்கிறார். கடதாசிக்கு வரும்போது அது காணாமல் போய்விடுகிறது.

எந்தப் படியில் ஏறுவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையில் 7 நிலைகள் உண்டு. 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வேலை அனுபவம் உள்ளவர்கள் ஆர்.பி.எல். எனப்படும் முன்கற்றல் அங்கீகாரம் வழியாக 4ஆம் நிலைக்குப் போகலாம். வகுப்பில் மாதக்கணக்காக உட்காரத் தேவையில்லை. வேலை தெரியும் என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். நைட்டா எனப்படும் அரச தொழிற்பயிற்சி அதிகார சபை இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. முடிவில் புள்ளி கிடையாது: தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, இரண்டில் ஒன்று.

தனியார் நிறுவனத்தில் சேர்வதென்றால் காசு கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அந்தப் பாடநெறிக்குத் தராதர அங்கீகாரம் இருப்பது வேறு. பதிவு இலக்கத்தை மட்டும் பெரிதாக அச்சடித்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

டிப்ளோமா பற்றி ஒரு கணக்கு. உயர்கல்விக்கான இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு திறமைப்புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணித்தியாலம். விரிவுரை, சுயவாசிப்பு, ஒப்படை எல்லாம் அதற்குள் அடக்கம். 30 புள்ளி டிப்ளோமா என்றால் 1500 மணித்தியாலம். ‘ஒரு வருடப் பாடநெறி’ என்று சொல்வார்கள். 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 29 மணித்தியாலம் வருகிறது. வேலையும் வீடும் வைத்துக்கொண்டு கிழமைக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கினாலே பெரிய காரியம். அப்படிப் பார்த்தால் இது இரண்டு வருட வேலை. இதை வீட்டிலும் முதலே சொல்லி வைப்பது நல்லது.

இனி கோவை, அதாவது மதிப்பீட்டாளரிடம் கொடுக்கும் ஆதாரத் தொகுப்பு. கனமான கோவைக்கு மதிப்பு அதிகம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மினுக்கக் கடதாசி ஒட்டிய நாற்பது செயலட்டைகளை விட ஒழுங்கான அவதானிப்புக் குறிப்பு ஆறு இருந்தால் மேல். பெரும்பாலான குறிப்புகள் இப்படித்தான் இருக்கும்: ‘கணிதத்தில் ஆர்வம் இல்லை. கவனம் குறைவு. குழப்படி.’ இது தீர்ப்பு. இதற்குள் பிள்ளை இல்லை. நடந்ததை மட்டும் எழுதினால் எப்படி வரும் என்று பாருங்கள்:

‘பிள்ளை க, 4 வயது 3 மாதம். செவ்வாய், காலை 9.10. பாயில், தட்டில் 10 சிப்பி. “எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்கோ” என்றேன். விரலால் தொட்டுத் தொட்டு ஒன்று முதல் பதினொன்று வரை வரிசை தவறாமல் சொன்னான். வளைந்த சிப்பியை இரண்டு தரம் தொட்டான். “அப்ப எல்லாமா எத்தனை?” என்றதும் பதில் சொல்லவில்லை, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினான். 9.14.’

நான்கு நிமிடம்தான். ஆனால் இதில் மூன்று விடயம் தெரிகிறது. எண்களின் வரிசை அவனுக்குச் சரி. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது இன்னும் உறுதியாகவில்லை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. எண்ணுதலின் கோட்பாடுகள் என்று உளவியலாளர்கள் கெல்மனும் கலிஸ்டலும் 1978இல் எழுதியவற்றில் இவை மூன்றும் உண்டு. பெயரையும் ஆண்டையும் எழுதுவது இந்த இடத்தில்தான் பொருந்தும், ஒப்படையின் முதல் பக்கத்தில் அலங்காரமாக அல்ல.

அடுத்து, என்ன உதவி செய்தீர்கள் என்று கேட்பார்கள். இரண்டாவது தட்டொன்று வையுங்கள். எண்ணிய சிப்பி அங்கே போகட்டும். இரண்டு தரம் தொட வழியில்லை. சில நாள் கழித்துத் தட்டை எடுத்துவிட்டு, சிப்பிகளை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதுவும் வேண்டாம். கற்பித்தலில் சாரக்கட்டு (scaffolding) என்பது இதுதான். வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைக் கழற்றுகிறோம் அல்லவா? ஒப்படைகளில் உதவி செய்தது இருக்கும், கழற்றியது இருக்காது. இன்னொன்று, அந்தச் சொல்லை ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கியின் தலையில் கட்டாதீர்கள். அவர் 1934இலேயே இறந்துவிட்டார். கற்பித்தலுக்கு அது வழக்கில் வந்தது வூட், புரூனர், ரொஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையால்.

(கடற்கரையில் பொறுக்கும் சிப்பியைக் கழுவி, விளிம்பு கூரானதை எறிந்துவிடுங்கள். தொண்டைக்குள் போகக்கூடிய சின்னதும் வேண்டாம். தம்பி தங்கச்சி கூட வருகிற நாள் எது என்று சொல்ல முடியாது.)

பிள்ளையின் பெயரைக் கோவையில் எழுத வேண்டாம், ஒரு எழுத்துப் போதும். முகம் தெரியும் படம் என்றால் பெற்றோரின் கையெழுத்து வாங்குங்கள். அதிபரோ பொறுப்பாசிரியையோ தரும் கடிதத்தில் ‘நற்பண்புள்ளவர், கடமையுணர்வு மிக்கவர்’ என்றிருந்தால் மதிப்பீட்டாளருக்கு அதனால் ஒரு பயனுமில்லை. எந்தத் திகதி முதல், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எந்த வயதுப் பிரிவு, என்னென்ன வேலை என்று இருக்க வேண்டும்.

செய்முறை மதிப்பீட்டு நாளுக்குப் பாட்டையும் பதிலையும் ஒத்திகை பார்த்துக் கொண்டுபோனால் பிடிபடும். கேள்வி முடியுமுன் இருபது பிள்ளைகளும் ஒரே குரலில் பதில் சொல்வது எந்த முன்பள்ளியிலும் நடக்காத சங்கதி. இருபது நிமிடச் செயற்பாட்டுக்கு ஒரு நோக்கமும் ஒரு பொருளும் போதும்.

ஆவண வேலையில் ஆட்களை அதிகம் இழுத்தடிப்பது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்து ஒன்று குறைவு. விண்ணப்பத்துக்கு முதலே மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுக்க வேண்டி வரும்.

வகுப்பறைப் பயிற்சியை எப்போது வைப்பது என்று தெரிவு செய்ய முடிந்தால் மாரிக்கு முன் முடியுங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மழை. மூதூர், வெருகல் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறினால் பிள்ளைகளின் வரவு பாதியாகிவிடும். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து ஆறு கிழமை அவதானிக்கச் சொல்லும் ஒப்படைக்கு அது ஒத்துவராது. குறிப்பை போல்பொயின்ட் பேனையால் எழுதுங்கள், ஜெல் பேனை ஈரக்காற்றில் ஊறிவிடும்.