மொரிஷியஸ் அச்சகத்தில் இரண்டு தேர்தல்கள்

சிவகாசியில் ஆஃப்செட் தொழில் கற்ற நான், பின்னர் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் ஓர் அச்சகத்தில் உற்பத்தி மேற்பார்வையாளராக வேலை பார்த்தேன். 2010, 2014 ஆகிய இரண்டு பொதுத்தேர்தல்கள் அந்தப் பணிக்காலத்தில் நடந்தன. 12 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான மக்கள் வாழும் அந்தத் தீவு நாட்டில், ஒரு கட்சி தனித்து நின்று ஆட்சியைப் பிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். இதற்குத் தலைவர்களின் பதவி ஆசையே காரணம் என்று அங்கு பலரும் சொல்வார்கள். எங்கள் மேசைக்கு வந்த சுவரொட்டிகளைத் தொடர்ந்து பார்த்து வந்ததில், அதைவிடப் பெரிய காரணம் தேர்தல் முறையிலேயே இருக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

நம் ஊர்ச் சுவரொட்டியில் தொகுதிக்கு ஒரு வேட்பாளர்தான் இருப்பார்; அங்கே மூவர் இருப்பார்கள். பிரதான தீவில் 20 தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறது, வாக்காளருக்கும் மூன்று வாக்குகள் உண்டு. ரோட்ரிக்ஸ் தீவின் இரண்டு இடங்களையும் சேர்த்தால் தேர்ந்தெடுக்கப்படுவோர் 62 பேர். தொகுதிகளைப் பெயரால் குறிப்பிடுவதைவிட எண்ணால் குறிப்பிடுவதே வழக்கம் என்பதால், எங்கள் வேலைச்சீட்டுகளிலும் 5, 8, 19 என்றே எழுதியிருக்கும். மூன்று முகங்களையும் எந்தெந்தச் சமூகத்திலிருந்து எடுப்பது என்பதில்தான் கட்சிகள் அதிகம் மூளையைச் செலவிட்டன. அரசியலமைப்பு, இந்து, முஸ்லிம், சீன வம்சாவளியினர், இம்மூன்றிலும் சேராதவர்களான ‘பொது மக்கள்தொகை’ என்று நான்கு சமூகங்களை மட்டுமே அங்கீகரிக்கிறது. தேர்தலில் போதிய இடம் கிடைக்காத சமூகங்களுக்கு, தோற்றவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை கூடுதலாக அவைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். அந்தக் கணக்கு இன்றும் 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்தே போடப்படுகிறது. அன்றாடப் பேச்சில் தமிழர்கள் தனிச் சமூகமாகவே கருதப்பட்டாலும், இந்தப் பட்டியலில் அவர்கள் இந்துக்களுக்குள் அடக்கம். எங்கள் மூத்த ஃபோர்மேன் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர். தேவாரத்தை ரோமன் எழுத்தில் படித்துப் பாடுபவர். வேட்பாளர் பட்டியல் வந்தவுடன், எந்தெந்த எண்ணில் தமிழ்ப் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதை அச்சுத்தகடு தயாரிக்கும் பிளேட் பிரிவுக்கு அனுப்புவார். இடப்பங்கீட்டில் தன் மக்கள் விடுபட்டுப் போவார்களோ என்ற கவலை அது. அதை நான் ஒருபோதும் குறுகிய மனம் என்று எண்ணியதில்லை.

மூன்று வாக்குகளையும் ஒரே அணிக்குக் கொடுப்போர் மிகுதி என்பதால், ஒரு தொகுதியில் சில ஆயிரம் வாக்குகள் முந்தினாலே மூன்று இடங்களும் கைக்கு வந்துவிடும். நாடு முழுவதும் ஒரே பக்கம் காற்று வீசினால் எதிர்க்கட்சியே மிஞ்சாது. 1982இல் பால் பெராஞ்சேயின் எம்.எம்.எம். (மொரிஷியப் போராளி இயக்கம்) கட்சி தலைமையிலான அணி பிரதான தீவில் 60க்கு 60 இடங்களையும் வென்றது. அதன் பிரதமர் அனிருத் ஜகநாத் அடுத்த ஆண்டே பிரிந்து, எம்.எஸ்.எம். என்ற கட்சியைத் தொடங்கி, முதல் நாள் வரை எதிரிகளாக இருந்த தொழிற்கட்சியுடனும் பி.எம்.எஸ்.டி. கட்சியுடனும் சேர்ந்து வென்றார். 1991இல் ஜகநாத்தும் பெராஞ்சேயும் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். 1995இல் நவீன் ராம்கூலாமின் தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.மும் சேர்ந்து மறுபடியும் 60க்கு 60 பெற்றன. 2000இல் ஜகநாத்தும் பெராஞ்சேயும் பிரதமர் பதவியையே காலம் பிரித்துப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாட்டுடன் வந்தார்கள். அதன்படி 2003இல் பெராஞ்சே பிரதமரானார். தொழிற்கட்சிக்குச் சிவப்பு, எம்.எம்.எம்.முக்கு இளம் ஊதா, எம்.எஸ்.எம்.முக்கு ஆரஞ்சு, பி.எம்.எஸ்.டி.க்கு நீலம் என்பவை நிறங்கள். இவற்றில் சேராத ஜோடி என்று ஒன்றைச் சொல்வது கடினம். முதல் மூன்று நிறங்களுக்குமே மெஜந்தா வேண்டும் என்பதால், தேர்தல் நெருங்கினால் கிடங்கில் முதலில் வாங்கி வைப்பது அந்த மையைத்தான்.

2014ஆம் ஆண்டை நான் மறக்க முடியாது. ஆரஞ்சும் ஊதாவும் சேர்ந்திருந்த எதிர்க்கட்சி அணி அந்த ஆண்டில் உடைந்தது. இன்னொரு பக்கம் ராம்கூலாமும் பெராஞ்சேயும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிரியோல் மொழியில் இதைக் ‘கோஸ்-கோஸே’ என்பார்கள். கூட்டணி இன்று உண்டு, நாளை இல்லை என்று செய்தித்தாள்கள் மாறி மாறி எழுத, நாடாளுமன்றம் பல மாதங்கள் கூடாமலே கிடந்தது. எங்கள் வடிவமைப்பாளரின் கணினியில் இரு நிறச் சேர்க்கைக்கும் தனித்தனிக் கோப்புகள் தயாராக இருந்தன. செப்டம்பரில் சிவப்பும் ஊதாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டாம் குடியரசு என்ற பெயரில் அரசியலமைப்பைத் திருத்தி, மக்களே தேர்ந்தெடுக்கும் அதிகாரமுள்ள குடியரசுத் தலைவராக ராம்கூலாமும், பிரதமராகப் பெராஞ்சேயும் வருவது என்பது ஏற்பாடு.

புரூஃப் பார்க்க இரு கட்சிகளிலிருந்தும் ஆட்கள் ஒன்றாக வந்தார்கள். சுவரொட்டியின் மேல்பகுதியில் இரு தலைவர்களின் படங்கள், கீழே தொழிற்கட்சியின் சாவியும் எம்.எம்.எம்.மின் இதயமும். ஒருவர் சட்டைப்பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, இரண்டு முகங்களையும் நெற்றியிலிருந்து தாடை வரை அளந்தார்; மற்றவர் சின்னங்களை அளந்தார். ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருந்ததால், பிளேட் எடுப்பதற்கு முன்பே திருத்தச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெடுங்காலம் எதிரெதிராக நின்றவர்களிடம் சமத்துவத்துக்கான உத்தரவாதமாக அளக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் இடம் கிடைக்காமல் போனவர்களும் வந்தார்கள். தொகுதியில் பல ஆண்டுகள் அலைந்து வேலை செய்த ஒருவர், தன் படத்தோடு முன்கூட்டியே செய்து வைத்திருந்த துண்டறிக்கையை அழித்துவிடச் சொல்லி, செய்த வேலைக்கான பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வாழ்நாள் முழுவதும் எம்.எம்.எம்.முக்கு வாக்களித்த எங்கள் ஃபோர்மேன், இந்த முறை வீட்டு வாசலில் கொடி கட்டப்போவதில்லை என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம், முடிவு எப்படி அமையும் என்பதை எனக்குச் சொல்லிவிட்டது.

2010இல் தொழிற்கட்சி அணி ஏறத்தாழ 49 விழுக்காடும், எம்.எம்.எம். அணி 42 விழுக்காடும் பெற்றிருந்தன. முதல் அணியில் அன்று எம்.எஸ்.எம்.மும் பி.எம்.எஸ்.டி.யும் இருந்தன என்பதைக் கழித்தாலும், இரு பெரிய கட்சிகளும் சேர்ந்தால் எதிரில் யாரும் நிற்க முடியாது என்றே கணக்குப் போட்டார்கள். 2014 டிசம்பர் 10இல் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 38 விழுக்காடு, 13 இடங்கள். அனிருத் ஜகநாத்தின் ‘லெப்பெப்’ அணி 47 இடங்களை வென்றது. ராம்கூலாம் தன் 5ஆம் எண் தொகுதியிலேயே தோற்றார். தலைவர்கள் கைகோத்ததைத் தொண்டர்களும் வாக்காளர்களும் தங்கள் வீட்டுத் திண்ணையில் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகும் அந்த நாட்டுச் செய்திகளை நான் விடாமல் படிக்கிறேன். 2019இல் மும்முனைப் போட்டி வந்தபோது, அனிருத்தின் மகன் பிரவிந்த் ஜகநாத்தின் அணி வெறும் 37 விழுக்காடு வாக்குகளுடன் தெளிவான பெரும்பான்மை பெற்றது. 2024 நவம்பரில் அதே ராம்கூலாமும் அதே பெராஞ்சேயும் மீண்டும் சேர்ந்தார்கள்; பத்தாண்டுக்கு முன் தோற்ற கூட்டணி இம்முறை 60 இடங்களைப் பெற்றது. எதிரணிக்குச் சுமார் 27 விழுக்காடு வாக்குகள் இருந்தும், பிரதான தீவில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இப்படிக் கால்வாசிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினரும் இல்லாமல் போவதைத் தவிர்க்க, தேர்தல் சீர்திருத்தத்துக்காக அமைக்கப்பட்ட ஆல்பி சாக்ஸ் ஆணையம், கட்சிகளின் வாக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்கும் 30 விகிதாசார இடங்களைச் சேர்க்க 2002இலேயே சொன்னது. அது நிறைவேறியிருந்தால், கட்சிகள் தேர்தலுக்கு முன்பே ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொள்ள வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கும். அவரவர் நிறத்தில் நின்று, மக்கள் கொடுத்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு பேசியிருக்கலாம். இந்தத் திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். 2018 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட சீர்திருத்த மசோதா அந்த எண்ணிக்கை இல்லாமலேயே நின்றுபோனது. 2024இல் வென்ற கூட்டணி அந்த எண்ணிக்கையோடுதான் அவைக்குள் சென்றது.