மூன்று மணிக்குக் காலியான குப்பைத்தொட்டி

வீட்டுக்கே பொதுவாக ஃபைல் சேமித்துவைக்கும் நாஸ் கம்ப்யூட்டரில் எதை அழித்தாலும் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், கவலையே வேண்டாம் என்று இரண்டு வருஷமாக வீட்டில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். போன மாதம் அழித்தது நானேதான். ‘பழைய போன்’, ‘பழைய போன் 2’ என்று நாஸில் இரண்டு ஃபோல்டர். இரண்டிலும் இருப்பது ஒன்றுதான் என்ற நினைப்பில் ராத்திரி 11 மணிக்கு லேப்டாப்பிலிருந்து முதலாவதைத் தூக்கிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் “அண்ணி கல்யாண போட்டோவக் காணோமேங்க” என்று மனைவி சொன்னபோதுகூடப் பதறவில்லை. தொட்டியைத் திறந்து பார்த்தால் ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கின்றன, உள்ளே ஒரு ஃபைல் இல்லை. 2009 முதல் 2014 வரை மொத்தமும் போயிருந்தது.

நாஸ் என்பது ஒரு பழைய டெஸ்க்டாப்தான்: டெபியன் லினக்ஸ், ஃபோல்டர்களை மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிரும் சாம்பா, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி 2 டிபி டிஸ்க் இரண்டு மிரரில், மேலே இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். மிரர்தான் இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அழித்ததையும் அது விசுவாசமாக இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவைக்கும்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது. அழித்ததைத் தொட்டிக்கு நகர்த்தும் சாம்பாவின் ரீசைக்கிள் மாட்யூல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, 11 மணிக்கு எல்லாமே தொட்டிக்குள் போயிருக்கின்றன. ஆனால் அந்த மாட்யூல் பழசைத் தானாகக் கழிக்காது, அதற்கு நாம்தான், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில், ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளை ஒன்றைப் போட வேண்டும். நான் போட்டது ‘எம்டைம் 30 நாளுக்கு மேல் என்றால் அழி’. எம்டைம் என்பது ஃபைலின் உள்ளே கடைசியாக மாற்றம் செய்த தேதி, தொட்டிக்கு நகர்த்தினால் அது மாறாது. 2011ல் எடுத்த போட்டோவுக்கு எம்டைம் 2011தான். விடிகாலை 3 மணிக்கு ஓடிய கிரானின் கண்ணுக்கு அது தொட்டியில் பல வருஷமாகக் கிடக்கும் குப்பை. இரண்டு வருஷமாக இது தெரியாமல் போனதற்குக் காரணம், சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அன்றைக்கு உருவாக்கிய டெக்ஸ்ட் ஃபைலை அழித்துத்தான் சோதித்தேன். புத்திசாலி!

மீட்ட கதை. முதலில் மெஷினை நிறுத்தினேன், அதுவும் தாமதம்தான். வாசல் கேமரா பகல் முழுக்க அதே டிஸ்க்குகளில் பதிவு எழுதிக்கொண்டிருந்தது, அழிந்தவை இருந்த இடத்தின் மேலேயே எழுதியிருக்கலாம். மிரரில் ஒரு டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி பீரோவில் வைத்தேன், அதுதான் தொடாத பிரதி. இன்னொன்றை, டிஸ்க்கை வெளியே வைத்து இணைக்கும் யூஎஸ்பி டாக்கில் மாட்டி, மிரர் அர்ரேயைப் படிக்க மட்டும் முடிகிற ரீட் ஒன்லியாக எழுப்பினேன். டிஸ்க்கை மவுண்ட் செய்பவர்கள், அதாவது சிஸ்டத்தோடு இணைப்பவர்கள் கவனிக்க: இஎக்ஸ்டி4ஐ வெறும் ‘ஆர்ஓ’ என்று மவுண்ட் செய்தால், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலில் பாக்கி இருந்தால் அதை டிஸ்க்கில் எழுதிவிடும். ‘நோலோட்’ என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஜர்னலைப் படித்து மீட்கும் கருவிகள் இரண்டை ஓட்டினேன். ஒன்று பாதியில் செத்தது, மற்றொன்று நேற்றைய கேமரா பதிவின் மிச்சங்களைக் கொடுத்தது. இஎக்ஸ்டி4 ஒரு ஃபைலை அழிக்கும்போது, தரவு எந்த பிளாக்கில் இருக்கிறது என்ற குறிப்பையும் ஐநோடு எனும் அந்த ஃபைலின் விவரப் பதிவிலிருந்து துடைத்துவிடுகிறது. பழைய குறிப்பு ஜர்னலில் மிச்சம் இருந்தால்தான் உண்டு, ஜர்னலோ சுற்றிச்சுற்றி எழுதப்படுவது.

கடைசியில் ஃபோட்டோரெக், குறிப்பு எதையும் நம்பாமல் தரவின் வடிவத்தை வைத்தே ஃபைலைத் தேடி எடுக்கும் கருவி. காலி இடத்தில் மட்டும் தேடும் ‘ஃப்ரீ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ‘ஹோல்’ கொடுத்தால் உயிரோடு இருக்கும் போட்டோக்களையும் சேர்த்து அள்ளிக் கொட்டும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் ஃபோல்டருக்கு 500 வீதம் ஃபைல்கள், பெயர் எல்லாம் எஃப்பில் ஆரம்பிக்கும் எண்கள். டி எழுத்தில் ஆரம்பிப்பவை போட்டோவுக்குள் ஒட்டியிருந்த குட்டிப்படங்கள். எண்ணிக்கையைப் பார்த்து ஆஹா என்று குதித்தேன், டி எல்லாவற்றையும் ஒதுக்கியதும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சியது. போட்டோவுக்குள் பதிந்திருக்கும் விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூலைக் கொண்டு, எடுத்த தேதியையே பெயராக மாற்றினேன். அக்கா கல்யாணம் முக்கால்வாசி வந்துவிட்டது. ஒரு படத்தில் அப்பா பந்தி நடுவில் சாம்பார் வாளியோடு நிற்கிறார், இடுப்புக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி இல்லாததால் அவை தனிக் குவியல், அதைக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

இப்போது செய்திருக்கும் திருத்தம் இரண்டே வரி. சாம்பாவில் ‘ரீசைக்கிள் டச்’சுக்கு யெஸ் கொடுத்தேன். தொட்டிக்குப் போகும் நேரத்தில் ஏடைம், அதாவது ஃபைலைக் கடைசியாகத் தொட்ட தேதி, அன்றைய தேதியாகும், எம்டைம் பழசாகவே இருக்கும், எனக்கு அதுதான் வேண்டும். கிரானில் எம்டைமை ஏடைம் ஆக்கினேன். இந்த முறை சோதனையை ஒழுங்காகச் செய்தேன்: டச் கட்டளையால் ஒரு ஃபைலுக்கு 2010 தேதி வைத்து, லேப்டாப்பிலிருந்து அழித்து, தொட்டிக்குள் தேதிகளைக் காட்டும் ஸ்டாட் கட்டளை போட்டுப் பார்த்தேன். ஆக்சஸ் இன்றைக்கு, மாடிஃபை 2010. மறுநாள் காலையும் இருந்தது. ஒன்று, இது சாம்பா வழியாக அழிப்பதற்கு மட்டும்தான். வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நாஸுக்குள் நுழைந்து ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையை அடித்தால் தொட்டியாவது ஒன்றாவது.

அடுத்து பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாறி, அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் மணிக்கு ஒன்று, அதை சாம்பாவின் ஷேடோ காப்பி மாட்யூலோடு இணைத்தால் விண்டோஸில் ரைட் கிளிக் செய்து பழைய பதிப்பை எடுக்கலாம் என்பது திட்டம். அதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் பழைய 4 டிபி டிஸ்க் பார்க்கப் போனேன். “ஆபீஸ்ல சும்மா கிடந்தது சார், ஓடவே இல்ல” என்றார் ஒரு கடைக்காரர். லேப்டாப்பைத் திறந்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தால் 31,000 மணி நேரம், மூன்றரை வருஷம் இடைவிடாமல் ஓடியிருக்கிறது. டாக் ஒன்றை மட்டும் 900 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தேன், அது நன்றாக இருக்கிறது. டிஸ்க் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று வாங்கிக் காப்பி போட்டுத் திருநெல்வேலியில் அக்கா வீட்டு அலமாரியில் வைக்கிற எண்ணமும் உண்டு, பட்ஜெட்டை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

வீடியோக்கள்தான் பாக்கி. பெரிய ஃபைல்கள் டிஸ்க்கில் துண்டுதுண்டாகக் கிடந்திருக்கின்றன, ஃபோட்டோரெக் கொடுத்தவற்றில் பாதி திறக்கவே மறுக்கிறது. திறந்த ஒன்றில் நாதஸ்வரம் 11 நொடி வாசிக்கிறது, அப்புறம் கறுப்புத் திரை. பீரோவில் இருக்கும் டிஸ்க்கை இன்னும் அங்கேயே வைத்திருக்கிறேன்.