லிபரோவுக்கும் ஒரு நோட்டு வேணும்

நேத்து சாயங்காலம் கடலூர் மஞ்சக்குப்பத்துல அண்ணா ஸ்டேடியம் பக்கம் போனேன், பசங்க வாலிபால் ஆடிட்டு இருந்தாங்க, அப்படியே காலேஜ் டீம் ஞாபகம் வந்துடுச்சு. நான் லிபரோ, அதாவது டீம்ல ஒருத்தன் மட்டும் வேற கலர் ஜெர்சில நிப்பானே, அவன். 1998ல வந்த பொசிஷன். பிளாக், அதாவது எதிர் டீம் அடிக்கிற பந்த வலைகிட்ட எம்பி தடுக்கறது, அத பண்ணக் கூடாது, வலைக்கு மேல இருக்குற பந்த அடிச்சு அனுப்பக் கூடாது, பின்னாடி நின்னு எடுத்துக் கொடுக்கணும், அவ்ளோதான்.

எங்க முதல் கோச் மேட்ச் முடிஞ்சா கேக்குறது ஒன்னே ஒன்னுதான், யாரு எத்தன பாயின்ட் அடிச்சீங்க? முழங்கை தோல் உரிஞ்சு நிப்பேன், ஆனா என் கணக்கு எப்பவும் ஜீரோ. எம்பி அடிச்சு பாயின்ட் எடுக்குற ஸ்பைக்கருங்க தனி கூட்டம், நாங்க தனி கூட்டம். ரெண்டு தடவ விட்டுடலாம்னே நெனச்சேன்.

மூணாவது வருஷம் வந்த சார் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, நான் எடுக்குற பந்துல எத்தன, ஸ்பைக்கருக்குப் பந்த தூக்கிக் கொடுக்குற செட்டர் கைக்கே நேரா போகுதுன்னு கோடு போட்டு எழுத ஆரம்பிச்சாரு. போன வாரத்தோட மட்டும்தான் கம்பேர் பண்ணுவாரு, இன்னொருத்தனோட இல்ல. கேரல் ஏம்ஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வகுப்பறைய வச்சு இதத்தான் பிரிச்சு சொல்லிருக்காங்கன்னு ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுது, கத்துக்கறத பாராட்டுற சூழல் வேற, ஜெயிச்சவன மட்டும் பாக்குற சூழல் வேற.

நேத்தும் ஒரு தம்பி டைவ் அடிச்சு எடுத்தான், யாருமே திரும்பிப் பாக்கல. கிட்ட போய் "சூப்பரா எடுத்த தம்பி"ன்னேன். மண்ண தட்டிட்டே சிரிச்சான்.