கழித்த வளைவுகள்
"அண்ணா, இந்த வளைவு தப்பா, இல்ல நமக்கு வேண்டாததா?" என்று ஜூனியர் கேட்டான். "தப்பு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

ஏஎஃப்எம்-இல், அதாவது செல்லை நுண்ணிய நுனியால் அழுத்திப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியில், எம்சிஎஃப்-7, எம்டிஏ-எம்பி-231 என்ற இரு மார்பகப் புற்றுச் செல்களின் கடினத்தை அளந்துகொண்டிருந்தோம். எவ்வளவு விசைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று வரையும் கோடுதான் வளைவு. 231 பரவும் வேகம் கூடியது, ஆகவே மெத்தென்று இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. பரவிய புற்றுச் செல்கள் சாதாரணச் செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மை என்று 2007-இல் வந்த முடிவு எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது.

கான்டிலீவர் என்ற வளையும் மெல்லிய பட்டையின் நுனியில் 5 மைக்ரோமீட்டர் விட்ட மணி. செல் இருக்கும் திரவமான மீடியத்துக்குள்ளேயே வெறும் கண்ணாடியை அழுத்தி, பட்டையின் வளைவை அளக்க சென்சிட்டிவிட்டி, பிறகு பட்டையின் விறைப்பை அறிய தெர்மல் ட்யூன். அரை நேனோநியூட்டன் கொடுத்தால், 500 பாஸ்கல் கடினமுள்ள செல்லில் மணி ஏறக்குறைய 500 நேனோமீட்டர் இறங்கும். அணுக்கருவுக்கு மேலே செல்லுக்குப் பல மைக்ரோமீட்டர் உயரம் உண்டு, பாதகமில்லை. ஓரத்தில் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தேறாது. அடியிலிருக்கும் கண்ணாடியின் இறுக்கம் கணக்கில் ஏறிவிடும். வளைவிலிருந்து கடினத்தைக் கணக்கிடும் ஹெர்ட்ஸ் சூத்திரமோ செல்லுக்கு ஆழமே முடியாது என்று வைத்துக்கொள்கிறது.

அதனால் 2 கிலோபாஸ்கலைத் தாண்டியதையெல்லாம் கண்ணாடி என்று கழித்தோம். காரணம் நியாயமானதுதான். ஆனால் எம்சிஎஃப்-7 கூட்டமாக ஒட்டி நிற்கும். 231 தனித்தனியாக நீண்டு மெலியும். மெல்லிய ஓரம் அதற்கே அதிகம், கழிவும் அதற்கே அதிகம். எந்தச் செல் மென்மை என்று கேட்கப் போய், அந்தச் செல்லின் கடினமான வளைவுகளையே கூடுதலாகத் தூக்கிப்போட்டிருக்கிறோம்.

உயரத்தை வைத்துக் கழித்திருக்க வேண்டும். நேரமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்: மீடியத்தின் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பஸ் சேர்த்தாலும் இன்குபேட்டருக்கு வெளியே செல்கள் வெகுநேரம் தாங்காது. ஆனால் உயரம் அந்த வளைவிலேயே இருந்தது. மணி முதலில் தொடும் இடம்தான் தொடுபுள்ளி; செல்லின் தொடுபுள்ளியிலிருந்து பக்கத்துக் கண்ணாடியின் தொடுபுள்ளியைக் கழித்தால் போதும். அந்தத் தொடுபுள்ளியும் உறுதியானதல்ல என்பது வேறு. 400 நேனோமீட்டர் இறக்கத்தை 500 என்று எடுத்துவிட்டால் மாடுலஸ், அதாவது கடினத்தின் அளவு, கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

பிறகு உயரத்தை வைத்து மறுபடி கணக்கிட்டோம். 231 அப்போதும் மென்மைதான், இடைவெளி மட்டும் சுருங்கியது. அப்படியானால் அன்று சொன்னது சரிதானே என்று சில நாள் தோன்றும். ஆனால் அவன் காட்டிய வளைவு செல்லின் நடுவில், கண்ணாடியின் இறுக்கம் எட்டாத இடத்தில் எடுத்தது. நடுக்கமில்லாத, சுத்தமான வளைவு. செல்லுக்குள் இருக்கும் இறுகிய இழையான ஸ்ட்ரெஸ் ஃபைபர் மேல் மணி பட்டிருந்தால் அந்தக் கடினம் செல்லுடையதே. அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.