அபர்வட் அடிவாரத்தில்: குல்மர்க் பனி நாட்குறிப்பு

பிப்ரவரி 2

விடிவதற்குள் 40 செ.மீ. புதுப்பனி. விடுதி வாசலில் அளவுகோலை நட்டுப் பார்த்தேன். ஊரே சிரித்த முகமாக இருக்கிறது. டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் என்ற காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம் 40 நாளும் இம்முறை வறண்டே போனதால், எல்லோரும் இந்தப் பொழிவுக்கு ஏங்கிக் கிடந்தார்கள்.

எனக்குக் கவலை அடியில் கிடக்கும் பழைய பனி மேல்தான். ஜனவரியில் முழங்காலளவு பனி, அதற்கு மேல் மேகமே இல்லாத இரவுகள். தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும், மேற்பரப்போ மைனஸ் 15-க்குப் போகும். அந்த வித்தியாசத்தில் ஈரம் ஆவியாகி மேலே ஏற, துகள்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் தனித்தனியாகப் பருக்கும். இப்போது அதன் தலையில் பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. தாங்காமல் உடைந்தால் பனிச்சரிவுதான்.

பிப்ரவரி 3

பனி நிற்கவில்லை. மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பிவண்டியான கோண்டோலா ஓடவில்லை.

2016-இல் இதே நாளில்தான் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 பேர் மேல் பனி சரிந்தது. அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள், அப்புறம் அவரும் போய்விட்டார். காலையிலிருந்து அதே நினைவு.

மதியம் மைதானத்தில் பயிற்சி. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவியைப் பையில் வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டுத் தேடினோம். எல்லோருடைய கருவியும் 457 கிலோஹெர்ட்ஸ்தான், அதனால் யாரும் யாரையும் தேடலாம். இடத்தை மூன்று நிமிடத்தில் பிடித்துவிட்டேன். தோண்டி எடுக்க எட்டு நிமிடம்! புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. நாளையும் தோண்டிப் பழகவேண்டும்.

பிப்ரவரி 5

வெயில். மூன்று நாளில் மொத்தம் 90 செ.மீ. விழுந்திருக்கிறது. வழிகாட்டியோடு, கோண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கோங்தூரிக்கு மேலே ஏறி, சாய்வு குறைந்த இடமாகப் பார்த்துக் குழி வெட்டினோம்.

மேலே பஞ்சு. அதன் கீழே காற்று அடித்துக் கொண்டுவந்து திணித்த பனி, கையால் தட்டினால் பலகை மாதிரி. அதற்கும் கீழே, விரல் விட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு பிடி அள்ளிக் கறுப்பு அட்டையில் கொட்டி லென்ஸில் பார்த்தேன்: வரி வரியாகப் பட்டை தீட்டிய சின்னச் சின்னக் கிண்ணங்கள், கற்கண்டு மாதிரி மின்னின. அவ்வளவு அழகு. இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாவு போல நிற்கவேண்டும். இது வறுத்த ரவையாக விரலிடுக்கில் வழிந்தது.

30 செ.மீ. சதுரத்தில் தூண் வெட்டி மண்வெட்டியை மேலே வைத்தோம். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, கடைசியாகத் தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. முழங்கைத் தட்டில் இரண்டாவதுக்கே மேல் பகுதி மொத்தமும், எண்ணெய் விட்ட கல்லிலிருந்து தோசை நழுவுவது போல, என் மடிக்கு வந்துவிட்டது.

வழிகாட்டி மண்வெட்டியை மடக்கிப் பையில் வைத்தார். "இந்த வாரம் 30 டிகிரிக்கு மேல் எந்தச் சரிவும் வேண்டாம் பாய். அப்படிப்பட்ட சரிவின் அடிவாரத்திலும் போகக்கூடாது" என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 6

கோண்டோலாவுக்கு அடியில் உள்ள சரிவுகளைப் பனிச்சறுக்கு ரோந்துக் குழு வெடி வைத்துச் சோதித்துத் திறந்துவிட்டது. சறுக்கும் பகுதியின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் அந்தக் காவல் கிடையாது. அங்கே ஒரு குழு இறங்கிய தடம் ஐந்தாறு தெரிகிறது. ஒன்றும் ஆகவில்லை. தடத்தைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போவார்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது. ஐந்து பேர் மிதிக்காத மெல்லிய இடத்தை ஆறாமவர் மிதித்தால் போதும்.

நாங்கள் பாபா ரேஷி பக்கம் மரங்களுக்கு நடுவே சறுக்கி இறங்கினோம். அருமையான பனி.

பிப்ரவரி 8

கிலன்மர்க் வழியாக நடை. 2010-இல் இதே நாளில் இங்கேதான் ராணுவப் பயிற்சியில் இருந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். வழிகாட்டி சற்று நின்று, கை ஏந்தித் துவா செய்துவிட்டு நடந்தார்.

கொஞ்ச தூரத்தில், சமதளத்தில், காலடியில் 'தும்' என்று ஒரு சத்தம். நான் நின்ற பனி அப்படியே ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அந்த ரவை அடுக்கு உடைந்த சத்தம்தான். சமதளம்தானே என்று நிற்கமுடியாது. இங்கே உடைவது அடியோடு ஓடி, மேலே உள்ள சரிவை அவிழ்த்துவிடும். இருவரும் பேசவே இல்லை. இடைவெளி விட்டு, வந்த தடத்திலேயே திரும்பினோம்.

இரவு மேகம் மூடியிருக்கிறது, குளிர் குறைவு. அடுக்கு இறுக இன்னும் நாளாகும். வியாழக்கிழமை அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி குழி வெட்டிப் பார்க்கிறோம்.