இரண்டுக்கும் ஒரே எண்

இன்ஜினியரிங் கலந்தாய்வு உதவி மையத்தில் டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல: "நீங்களே ஒண்ணு சொல்லுங்க மேடம்." எங்கள் எல்லாரிடமும் அதற்கு ஒரே பதில்தான் இருக்கும். "நாங்க சொல்லக் கூடாதும்மா, உங்க விருப்பம்தான்." நானும் அதையே சொல்லி வந்தவள். அந்த ஒரு பெண்ணிடம் மட்டும் வேறு பதில் சொன்னேன். சொன்னது சரி என்று காலையில் தோன்றும். சாயங்காலம் தோன்றாது.

ஒரு லாங் சைஸ் நோட்டில் விருப்ப வரிசைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கல்லூரிக் குறியீடு, பக்கத்தில் கிளைக் குறியீடு, அதற்குப் பக்கத்தில் போன வருஷக் கட்-ஆஃப், எல்லாம் பென்சிலில். நன்றாகவே தயார் செய்திருந்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வந்து உட்கார்ந்ததும் "எது நல்ல காலேஜ்" என்று கேட்கிற பிள்ளை இல்லை அவள். ஆனால் பட்டியலின் தலையில் ஒரே கல்லூரியின் குறியீடு இரண்டு வரியில் இருந்தது. மேல் வரியில் சிஇ, அதாவது சிவில்; கீழ் வரியில் இசி, அதாவது இசிஇ என்கிற எலக்ட்ரானிக்ஸ்-தொலைத்தொடர்பு. இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்பு வளைவு போட்டு, வெளியே ஒரே ஒரு எண் எழுதியிருந்தாள்: 1.

"ரெண்டையும் ஒரே இடத்துல போட முடியாதா மேடம்?"

"முடியாதும்மா. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அப்படித்தான் சாப்ட்வேர் எடுத்துக்கும்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். நெஜமாவே."

கூட வந்திருந்த அப்பா குனிந்து, "அவளுக்கே தெரியலன்னா எனக்கு என்னம்மா தெரியும். நீங்க பாத்துப் போட்டு விடுங்க" என்றார். அவர் கையில் பிளாஸ்டிக் ஃபைல். மேலாக முதல் பட்டதாரிச் சான்றிதழ்.

அவள் என்னைப் பார்த்து, "நீங்களா இருந்தா எதை மேல போடுவீங்க?" என்றாள்.

"நானா இருந்தா இசிஇ."

ரப்பரால் அந்த வளைவை அழித்தாள். இசிக்கு 1, சிஇக்கு 2. ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது என்று நினைக்கிறேன்.

காரணம் இல்லாமல் நான் சொல்லவில்லை. அவள் கட்-ஆஃப் மதிப்பெண் 168.5. போன வருஷக் கணக்குப்படி அந்தக் கல்லூரியில் இரண்டுமே அவளுக்குக் கிடைக்கக்கூடியவை. எந்தத் துறை என்று மனதில் விழாத பிள்ளைக்கு, பின்னால் நாலு பக்கமும் போக இடம் உள்ள துறை நல்லது என்பது என் எண்ணம். இசிஇ படித்தவர்கள் சிப் வடிவமைப்புக்கும் போகிறார்கள், தொலைத்தொடர்புக்கும் போகிறார்கள், சாப்ட்வேருக்கும் போகிறார்கள். இன்னொன்றும் மனதில் ஓடியது: பொதுவாக இசிஇ முதலில் நிரம்பும், சிவில் பிறகும் கிடைக்கும். சீக்கிரம் போய்விடுவதை மேலே வை என்பது பட்டியல் போடுகிற எல்லாரும் சொல்கிற யோசனை.

இப்போது யோசித்தால் அந்த யோசனையின் உள்ளேயே ஒரு கோணல் இருக்கிறது. எது சீக்கிரம் நிரம்புகிறது என்பது மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். அவளுக்கு எது பொருந்தும் என்று அது சொல்லாது. தவிர, இந்த முறையில் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளது அந்தக் கணமே இல்லாமல் போகிறது. 'ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்' என்று ஒரு வாய்ப்பு உண்டு. 'ஏற்றுக்கொண்டு கீழேயும் பார்க்கிறேன்' என்று ஒன்று கிடையாது. கிடைக்காமல் போகிறவர்களுக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இரண்டுமே கிடைக்கக்கூடிய, இரண்டில் எது என்று தெரியாத ஒருத்திக்கு அதில் இடம் இல்லை. எதையும் மூடாமல் வைக்கிறேன் என்று நினைத்து நான் சொன்ன வரிசை, சிவிலை முழுசாக மூடிவிட்டது.

சிவில் அப்படி ஒன்றும் குறைந்த படிப்பும் அல்ல. பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் பணிகளுக்கு அதுதான் நேர் வழி. யூபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வு நான்கே பிரிவுகளுக்குத்தான்: சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ்-தொலைத்தொடர்பு. அவள் வளைவு போட்ட இரண்டும் அதில் இருக்கின்றன. அரசு வேலை வேண்டுமா என்று நான் கேட்டிருக்கலாம். வெளியில் நின்று செய்கிற வேலையா, மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலையா என்று கேட்டிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது, பதிவு செய்யக் கொடுத்த நாட்களில் அது கடைசி நாள். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது என்பதும் உண்மை.

இன்னொன்று இருக்கிறது. நான் பாடம் நடத்துவது இசிஇ துறையில். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வார்த்தை என் வாயில் அவ்வளவு வேகமாக வந்ததற்கு மேலே அடுக்கிய காரணங்களா, இத்தனை வருஷப் பழக்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நானே எப்படி இந்தத் துறைக்கு வந்தேன்? கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறிய 2018-க்கு முன்னால், எல்லாரையும் போல அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், திரையில் காலியிடம் பார்த்து, அந்த நிமிடத்தில் இருந்ததில் ஒன்றை எடுத்தேன். இசிஇ இருந்தது. பிடித்து எடுக்கவில்லை. சிக்னல்ஸ் பாடம் புரிய ஆரம்பித்த பிறகுதான் பிடித்தது. அதனால் ஒரு படிப்பு முதலிலேயே பிடித்திருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உழைத்த இடத்தில் பிடிப்பு வரும். இதை மனதார நம்புகிறேன். ஆனால் இது உண்மை என்றால் சிவிலிலும் அவளுக்குப் பிடிப்பு வந்திருக்கும். அப்புறம் எதற்கு நான் ஒன்றைச் சொன்னேன்?

அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த நோட்டின் மேல் வரி. சிஇ மேலே, இசி கீழே. எண் ஒன்றுதான், ஆனால் கை முதலில் எழுதியது சிவிலை. அதில் ஒரு விருப்பம் இருந்ததா? ஆங்கில எழுத்து வரிசையில் சிஇ முன்னால் வரும், அப்படியே பார்த்து எழுதியிருக்கலாம். பட்டியலில் மற்ற கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதியிருந்தாள் என்று கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். கவனிக்கவில்லை.

ஒதுக்கீடு வந்த பிறகு அப்பா மட்டும் வந்தார். "நீங்க சொன்னதே கெடச்சிருச்சும்மா" என்று கும்பிட்டார். அவர் நன்றியாகத்தான் சொன்னார். அவள் கேட்டது கிடைத்தது என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

சொல்லாமல் விட்டிருக்க வேண்டுமா? அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படித்த வீட்டுப் பிள்ளையிடம் "உன் விருப்பம்மா" என்று சொல்லி அனுப்பினால், அது வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கேட்கும், அக்காவின் தோழியிடம் கேட்கும், பெங்களூரில் வேலை பார்க்கும் மாமாவுக்குப் போன் போடும். அதன் 'சொந்த விருப்பம்' பத்துப் பேர் சேர்ந்து செய்தது. முதல் பட்டதாரிக்கு அந்தப் பத்துப் பேருக்குப் பதிலாக நான் ஒருத்திதான் எதிரில் இருக்கிறேன். அங்கே நடுநிலை என்று நான் வாயை மூடிக்கொண்டால், நஷ்டம் யாருக்கு? விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் மௌனம் எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை.

கோபம் வருவது வேறொரு இடத்தில். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2025-க்கு முன் சேர்ந்தவர்களுக்கான 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம், மேட்ரிக்ஸ்-கால்குலஸ், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு. சிவிலுக்கும் அதே, இசிஇக்கும் அதே. அந்த ஆறு மாதம் எல்லாரும் ஒன்றாகவே படித்தார்கள். பிரிவதற்கு முன்பே பிரித்துச் சொல் என்று பதினேழு வயதில் கேட்கிறோம். ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பில் முதலில் எல்லா அறிவியலும் படித்த பிறகுதான் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இரண்டாம் ஆண்டு முடிகிற வரைக்கும்கூட மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, அறிவிக்காமல் இருக்கலாம். அங்கெல்லாம் 'தெரியவில்லை' என்பதற்கு ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதைக் கேட்டால் கிளைவாரி இடங்கள், துறைவாரி ஆசிரியர்கள், எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓடிவிட்டால் மற்ற துறைகள் என்னாகும் என்று பதில் வரும். அதிலும் நியாயம் இருக்கிறது, நானே ஒரு துறையில் சம்பளம் வாங்குகிறவள்.

இனி யாராவது கேட்டால், "நான் இசிஇ டிபார்ட்மென்ட், அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளும்மா" என்று முதலிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கூட டியூட்டி பார்க்கும் தோழியிடம் இதைச் சொன்னபோது, அவள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "அப்படிச் சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு இன்னும் அதிகமா நம்பியிருக்கும்டி. துறையில இருக்கறவங்களே சொல்றாங்களேன்னு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வருஷ டியூட்டிப் பட்டியலிலும் என் பெயர் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.