பத்து மீட்டருக்குக் கீழே எனக்கு வேலையில்லை

கோவளத்துக் கடலில் ஸ்கூபா டைவிங் பழகப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி மறுப்பேதும் சொல்லவில்லை. தன் தம்பியையும் உடன் அழைத்துப் போக வேண்டும் என்ற ஒரேயொரு நிபந்தனையை விதித்தாள். அவள் தூத்துக்குடிக்காரி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், கல்லின் பாரத்தில் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருப்பான் என்றும், அக்காள் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்புள்ளவன்தான் கயிறு அசைந்தவுடன் இழுப்பான் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கும் ஸ்கூபாவில் கயிறு கிடையாது. ஆனாலும் இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் மூச்சுக்கு மற்றவர் பொறுப்பு என்று நான் விளக்கியதும், "அதெல்லாம் எங்க ஊர்ல எப்பவோ கண்டுபிடிச்சாச்சு" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

என் அம்மாவைச் சமாதானப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. "ஆடி அமாவாசைக்குக் கடல்ல முங்குறது காணாதா மக்களே?" என்று கேட்டவருக்கு என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அதைவிடக் காது, இதயம், ஆஸ்துமா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கும் மருத்துவப் படிவம் எளிதாக இருந்தது.

எங்கள் ஊர் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாடு முடிகிற விளிம்பில் இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போய் விழிஞ்ஞம் சாலையில் திரும்பினால் கோவளம் வந்துவிடும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகுதான் இறங்குவேன் என்பது என் முதல் நிபந்தனை. பத்து மீட்டருக்குக் கீழே போக மாட்டேன் என்பது அடுத்தது. மைத்துனனோ அடிப்படைச் சான்றிதழ் வாங்கிய கையோடு, அதற்கு அனுமதிக்கப்பட்ட 18 மீட்டரைத் தொட்டுவிட வேண்டும் என்றும், பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையான 40 மீட்டரை அதற்கடுத்துத் தொட வேண்டும் என்றும், காணியை அளந்து வேலி போட நினைக்கிறவனைப் போலத் திட்டமிட்டிருந்தான்.

அவனிடம் நான் பேசியது முழுக்க முழுக்கச் செலவுக் கணக்குதான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருப்பது ஏறக்குறைய 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவருக்குத் தரைமட்டத்தில் அது இரண்டு மணி நேரம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிவிடுவதால் ஒரு மணி நேரமாகக் குறையும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் அரை மணி நேரமே மிஞ்சும். அதிலும் 50 பார் மிச்சம் வைத்துக்கொண்டுதான் மேலே வர வேண்டும் என்பது விதி. கட்டணம் ஒன்றுதான், சிலிண்டரும் ஒன்றுதான். ஆழம் போகிறவன் பாதி நேரத்துக்கு முழுக்காசு கொடுக்கிறான். பெட்ரோல் விலையில் சில ரூபாய் குறைகிறது என்பதற்காகக் கேரள வண்டிகள் எல்லை தாண்டி வந்து நிரப்பிப் போவதைத் தினமும் பார்க்கிற எனக்கு இது சாதாரணமாகத் தோன்றிற்று; அவனுக்குத் தோன்றவில்லை. (அந்தப் பெட்ரோலுக்கும் ஸ்கூபாவுக்கும் ஓர் உறவு உண்டு. போர்க்காலப் பிரான்சில் பெட்ரோல் கிடைக்காமல் எரிவாயுவில் ஓடிய கார்களுக்காக எமில் கஞான் என்ற பொறியாளர் கையாண்டுகொண்டிருந்த வால்வைத்தான், 1943-இல் அவரும் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் சேர்ந்து மூச்சுக் கருவியாக மாற்றினார்கள்.)

படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மைத்துனன் சிவப்பு நிறத்தில் மாஸ்க்கும் ஃபின்னும் வாங்கியிருந்தான். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான் என்று கடைக்காரர் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. ஏழெட்டு மீட்டர் இறங்கியதும் அவனுடைய சிவப்பு, பழைய தேயிலைச் சக்கையின் நிறத்துக்கு வந்துவிட்டது. தன் காலையே அவன் சந்தேகத்தோடு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்களோடு இறங்கிய பயிற்சியாளர் நெய்யாற்றின்கரைக்காரர். பெருவிரலை உயர்த்தினால் மேலே போக வேண்டும் என்று பொருள். எல்லாம் நலம் என்றால் சுட்டுவிரலையும் பெருவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் தலையை ஆட்டக் கூடாது என்று அவர் கரையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கீழே போனதும், காது அடைக்கிறதா என்று அவர் சைகையில் கேட்க, மைத்துனன் மூக்கைப் பிடித்து ஊதிவிட்டு, ஆமாம் என்றும் இல்லை என்றும் பரவாயில்லை என்றும் ஒரே சமயத்தில் பொருள்படும்படி தலையை ஆட்டினான். தலையாட்டலில் பிறவி அனுபவமுள்ள அந்த மலையாளியாலேயே அதைப் படிக்க முடியவில்லை. அவர் விரலைக் காட்டச் சொல்ல, இவன் மீண்டும் தலையாட்ட, இருவருமாகச் சிறிது காற்றைச் செலவழித்தார்கள்.

நான் அதற்குள் ஒரு பாறையடியில் குவிந்து கிடந்த காலிச் சிப்பி ஓடுகளைக் கவனித்துவிட்டேன். அலை அடித்து வந்து சேர்த்த ஓடுகளாக இருந்தால் சிதறிக் கிடக்கும். இவை ஒரு பொந்தின் வாசலில் குவிந்திருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தால், தின்ற மிச்சத்தை வாசலிலேயே போடும் பழக்கமுள்ள பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒன்று உட்கார்ந்திருந்தது. முதலில் கண் மட்டும் தெரிந்தது. நான் அசையாமல் மிதந்துகொண்டிருந்ததும் அது ஒரு கையை வெளியே நீட்டி, பக்கத்திலிருந்த பாறையின் மேல் வைத்தது; வைத்த கை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறையின் புள்ளிகளையும் சொரசொரப்பையும் வாங்கிக்கொண்டு காணாமல் போயிற்று. மூன்று இதயங்களும் நீல இரத்தமும் உள்ள அந்தப் பிராணிக்கு முன்னால் எவ்வளவு நேரம் மிதந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. மைத்துனன் இரண்டு முறை வந்து, போகலாம் என்று ஆழத்தைக் காட்டிவிட்டுப் போனான்.

அப்போது மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். விழிஞ்ஞம் பக்கத்துச் சிப்பிக்காரர். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, கையில் ஓர் இரும்பு. சிலிண்டர் இல்லை, வெட்சூட் இல்லை. தம் பிடித்து வந்தவர், பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை நான்கைந்து தட்டில் பெயர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார். எங்கள் இருவர் உடம்பிலும் தொங்கிய சாமான்களின் விலையை அவர் மனத்துக்குள் கூட்டிப் பார்த்திருக்கக் கூடும்.

மைத்துனன் இளகிய மனத்தினன். மூச்சடக்கி வேலை செய்கிற மனிதரைப் பார்த்ததும் தாங்காமல், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரில் தன்னிடமிருந்த உபரியைக் கழற்றி அவரிடம் நீட்டப் போனான். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன். தண்ணீருக்கு மேலே இழுத்துக்கொண்டு வந்த மூச்சு கீழே அழுத்தத்தில் சுருங்கும். திரும்பி மேலே போகும்போது பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். கீழே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய வாங்கிய காற்றோ, 10 மீட்டரிலிருந்து மேலே போவதற்குள் இரண்டு மடங்காகும். வழக்கப்படி தம் பிடித்துக்கொண்டே மேலேறுகிறவருக்கு நுரையீரல் கிழிந்துவிடும். ஸ்கூபாவில் ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பதை முதல் பாடமாக வைத்திருப்பது இதனால்தான். இவ்வளவையும் சைகையில் எப்படிச் சொல்வது? நான் அவன் கையை விடவில்லை. அவன், அத்தானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுசெய்து, அதே ரெகுலேட்டரை என் வாயில் திணிக்க முயன்றான். சிப்பிக்காரர் எங்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

யார் பெருவிரலை உயர்த்தினாலும், காரணம் கேட்காமல் அத்துடன் டைவை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த விளையாட்டின் மிகச் சிறந்த விதி. நான் உயர்த்தினேன். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, படகில் ஏறியதும் மைத்துனன் பேசிய முதல் வாக்கியம், "பாதிக் காத்து அப்படியே இருக்கே அத்தான், துட்டு குடுத்ததுல்லா!" என்பதுதான். மூச்சு விடுவது முதலுக்கு மோசமாகாமல் இருக்க வேண்டும் என்று கருதுகிறவனிடம், பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று சொல்லி என்ன பயன்?

கரைக்கு வந்ததும் பதிவேட்டை நிரப்பினோம். கூட இறங்கியவர் கையெழுத்திட வேண்டும் என்பது ஏற்பாடு. அதிகபட்ச ஆழம் என்ற இடத்தில் 18 என்று எழுதப் போனவனை, ஆழத்தை அளக்கும் கைக்கணினி 8.4 என்று காட்டித் தடுத்துவிட்டது. கண்டவை என்ற இடத்தில் கணினியின் தடை இல்லாததால், "திமிங்கலச் சுறாவின் நிழல்" என்று எழுதிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினான். முதல் இரண்டு சொற்களை அடித்துவிட்டு, நிழலை மட்டும் விட்டுவைத்துக் கையெழுத்திட்டேன். எங்கள் படகுக்கு நிழல் இருந்தது உண்மைதானே.